தலைவர் முத்தமிட்ட கேள்வி

அக்டோபர் 4, சனி

புளி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். முழங்காலுக்கு மருமகள் ஷிஃபா கொடுத்த களிம்பில் வாசனைதான் அதிகம், வேலை ஒன்றும் நடக்கவில்லை.

இன்று பள்ளிவாசலில் சனிக்கிழமை வகுப்பு. இங்கிலாந்தில் எங்களுக்கு வாய்த்த பள்ளி முன்பு பிங்கோ விளையாடிய மண்டபம். ஆண்கள் கீழே, பெண்கள் நாங்கள் மேலே பால்கனியில் திரைக்குப் பின்னால், இடுக்கு வழியாகக் கீழே பார்த்துக்கொள்வோம். எங்களுக்கென்று வாசல்கூடத் தனி, குப்பைத்தொட்டிகள் நிற்கும் பக்கம். கேள்வி இருந்தால் சீட்டில் எழுதி, மிட்டாய் டப்பாவில் போட்டு, கயிற்றில் கீழே இறக்க வேண்டும். டப்பா முதலில் நிர்வாகக் குழுத் தலைவர் சதக்கு ஹாஜியிடம் போகும். தேவையில்லாதது என்று அவருக்குத் தோன்றுவதெல்லாம் அவருடைய சட்டைப்பைக்குள் போய்விடும், மீதிதான் மார்க்கம் சொல்லித்தரும் ஆலிம்சாவுக்கு. அதனால் இருபது வருடமாக இங்கே பெண்களுக்கு நகப்பூச்சையும் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவையும் தவிர வேறு சந்தேகமே வந்ததில்லை என்று ஆண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று யாரோ ஒரு பெண் அரபுத்தமிழில் சீட்டு எழுதிப் போட்டுவிட்டாள். அரபுத்தமிழ் என்றால் பேச்சு தமிழ், எழுத்து அரபு. காயல்பட்டினத்தில் என் வயதுப் பெண்கள் ஓதப் போன இடத்தில் முதலில் படித்த எழுத்தே அதுதான். தலைவர் பினாங்கில் வளர்ந்தவர், அவருக்கு அது தெரியாது. கண்ணாடியும் போடவில்லை. அரபு எழுத்தைப் பார்த்ததும் ஏதோ துஆ, பிரார்த்தனை என்று நினைத்துவிட்டார் மனிதர். சீட்டை முத்தமிட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றி, இரண்டு கையாலும் ஆலிம்சாவிடம் நீட்டினார்.

ஜக்கரிய்யா ஆலிம்சா மதரஸாவில் இதைப் படித்தவர். மைக்கில் அப்படியே வாசித்துவிட்டார்: "நபி சொன்னதாக ஒரு ஹதீஸைச் சொன்னவர் தவறாகச் சொல்லியிருந்தால், ஆயிஷா நாயகி அவர்கள் முகத்துக்கு நேரே திருத்தியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் 'சீட்டில் எழுதிக் கொடுங்கள்' என்று சொன்னார்களா?"

ஆலிம்சா சிரித்தார். பிறகு நாற்பது நிமிடம் பேசினார். நபியின் தோழர்களான பெரிய பெரிய ஸஹாபாக்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, நபியின் மனைவி ஆயிஷா நாயகி என்ன சொன்னார்கள் தெரியுமா என்று கேட்டார். "அவர்கள் பொய் சொல்பவர்கள் இல்லை, ஆனால் காது சில நேரம் பிசகிவிடும்" என்றார்களாம். மரியாதையும் குறையவில்லை, திருத்தமும் நடந்துவிட்டது என்றார். இப்படி ஒரு வகுப்பை நான் கேட்டு எத்தனை வருடமாயிற்று!

எழுதியது யாரோ, தெரியாது. கையெழுத்து அழகாக இருந்தது என்று ஆலிம்சாவே சொன்னார்.

அக்டோபர் 5, ஞாயிறு

இந்த நோட்டை நான் வைத்த இடத்தில் காணோம், பக்கத்துத் தட்டில் இருந்தது. வீட்டுக்காரர் மொகுதூம் பள்ளியின் செயலாளர். செயலாளர்களுக்கு எதையும் படித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. படிக்கட்டும். இதில் என்ன இருக்கிறது, புளி வாங்க வேண்டும் என்று இருக்கிறது. இன்னும் வாங்கி வரவில்லை.

அக்டோபர் 11, சனி

பால்கனி நிரம்பி வழிந்தது. இரண்டு பஸ் மாறி வந்தவர்களும் உண்டு.

அந்தப் பெண் இன்றும் சீட்டுப் போட்டாள். தலைவர் இன்று கண்ணாடியோடு வந்திருந்தார். சீட்டைத் திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார், முத்தமிடவில்லை. ஆனால் சட்டைப்பையிலும் போட முடியவில்லை. உச்சியில் பிஸ்மில்லாஹ் இருந்தது. கீழே இருப்பது குர்ஆன் ஆயத்தாகவே இருந்துவிட்டால்? அதைப் பையில் வைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போக முடியுமா? பாவம், வியர்த்து விறுவிறுத்து ஆலிம்சாவிடமே கொடுத்தார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ருக்கையா மட்டும் சிரிக்கவில்லை. அவள் தலைவரின் மனைவி. எதற்குமே வாய் திறக்காதவள், தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

கேள்வி இதுதான்: "உமர் கலீபா மிம்பர் மேடையில் நின்று, மணமகளுக்குக் கொடுக்கும் மஹருக்கு உச்சவரம்பு வைத்தபோது ஒரு பெண் எழுந்து குர்ஆனைக் காட்டி மறுத்தாள். கலீபா, 'அவள் சொன்னது சரி, உமர் சொன்னது தவறு' என்றார்கள். அதற்குப் பிறகு எந்த நிர்வாகக் குழுத் தலைவராவது அப்படிச் சொன்னதுண்டா?"

ஆலிம்சா, "நான் அறிந்தவரை இல்லை" என்றார். சிரிப்புச் சத்தத்தில் ஒலிபெருக்கி கீச்சிட்டது.

அக்டோபர் 15, புதன்

அல்லாஹ்வே, எங்கே போய் முட்டிக்கொள்வது! முதல் சீட்டு வந்த வகுப்பில் யாரோ போனில் எடுத்த வீடியோப் படம் ஊரெல்லாம் சுற்றுகிறதாம். சீட்டும் அதில் தெரிகிறது. ஷிஃபா மாத்திரைக் கடையில் வேலை முடித்து வந்ததும் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

ஒரு கூட்டம், இது அரபு மாதிரி இருக்கிறது ஆனால் அரபு படித்தவர்களுக்கே புரியவில்லை, ஆகவே இது ரகசிய சங்கேதம், போலீஸ் பார்க்க வேண்டும் என்கிறது. இன்னொரு கூட்டத்துக்குத் தலைவர் பீட்டர் ஹால்ஃபோர்ட் என்ற ஆய்வாளர். எங்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்து, எங்களைப் பற்றியே தொலைக்காட்சியில் பேசுபவராம். இது உயிருக்கு அஞ்சும் ஒரு பெண்ணின் அபயக்குரல் என்று எழுதியிருக்கிறார். நம் பையன்களில் ஒருவன், ஸைஃப் என்று பெயர், இணையத்தில் அவன் பேச்சை ஏகப்பட்ட பேர் கேட்கிறார்களாம். அவன், கேள்வி கேட்பதே வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த புத்தி, அந்தப் பெண் கூலிக்கு எழுதுகிறாள் என்கிறான்.

"உளவாளி, கைதி, கூலிக்காரி, மூணும் ஒரே ஆளா மாமி?" என்றாள் ஷிஃபா.

"ஒரே நாள்ல மூணு வேலை கெடச்சிரிக்கு. முழங்கால் வலியோட எப்படித்தான் பாக்கப்போறேனோ" என்றேன். அந்தப் பெண் எப்படிப் பார்க்கப்போகிறாளோ என்று சொல்ல வந்தேன். ஷிஃபா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அக்டோபர் 18, சனி

வகுப்பு ரத்து. நிர்வாகக் குழு எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடியது. நான் டீ கொடுக்கும் சாக்கில் அடுப்படிக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

தலைவருக்குக் கேள்வி மேல்கூட அவ்வளவு கோபமில்லை. முத்தமிட்டதுதான் ஆறவில்லை. படத்தில் அதுவும் பதிவாகியிருக்கிறது.

"பள்ளி மானமே போச்சு. ஆலிம்சா அதை வாசிச்சிருக்கவே கூடாது. இந்த மாசம் முப்பத்தொண்ணோட அவருக்கு ஒப்பந்தம் முடியுது. நான் புதுசாக் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார்.

வேலை இல்லையென்றால் ஆலிம்சாவுக்கு விசா இல்லை. மனைவி, கைக்குழந்தையோடு ஊருக்குப் போக வேண்டியதுதான். யாரோ வேடிக்கையாக எழுதிய இரண்டு சீட்டுக்கு அவரா பலி?

மொகுதூம் மெல்ல, "எழுதுன பொம்பளை யாருன்னு தெரிஞ்சா?" என்று கேட்டார்.

"அவ சபையில வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அப்ப யோசிக்கலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "ஸுலைஹா மாமி விசாரிச்சா என்ன? பொம்பளைங்க விஷயம் அவங்களுக்குத்தான் தெரியும்."

மாஷா அல்லாஹ்! திருடனைப் பிடிக்க நல்ல ஆளைத்தான் போட்டார்கள் என்று எழுதலாம். எழுதவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

விசாரணை நடத்தினேன். காயல்பட்டினத்துப் பெண்கள் பதினொரு பேரையும், கூடவே ருக்கையாவையும் வரவழைத்து, தேங்காய்ச் சோறு போட்டு, ஆளுக்கொரு தாளில் அரபுத்தமிழில் நான்கு வரி எழுதச் சொன்னேன். கையெழுத்தை ஒத்துப் பார்க்க வேண்டுமாம், செயலாளர் உத்தரவு.

"நான் எழுதியிருந்தா இவ்வளவு பதமா எழுதிருப்பேனா? பிச்சு உதறிருக்க மாட்டேன்?" என்றாள் ஒருத்தி. "குப்பைத்தொட்டி வாசலைப் பத்தி ஏன் கேக்கல? அதுதானே முக்கியம்" என்றாள் மற்றொருத்தி. கடைசியில் குற்றவாளி கிடைக்கவில்லை, புதிதாகப் பதினொரு கேள்வி கிடைத்தது. ஒன்று மிகவும் நன்றாக இருந்தது: "தொழுகையில் வரிசைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள், சரி. யோசிப்பதிலுமா?"

ருக்கையா மட்டும் வெற்றுத்தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன வுளே, ஒண்ணும் எழுதலியா?"

"எழுதுனா படிக்கப்போறது எங்க வூட்டு அவ்வோதானே" என்றாள். சோற்றை மட்டும் நன்றாகச் சாப்பிட்டாள்.

அக்டோபர் 24, வெள்ளி

ஆலிம்சா வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் மனைவி ஸப்ரா, அவருடைய கிதாபுப் புத்தகங்களைப் பெட்டியில் வைத்து எடை பார்ப்பதும், எடுப்பதும், மறுபடி வைப்பதுமாக இருந்தாள். குழந்தையின் சட்டைகளை எடுத்துவிட்டுக் கிதாபுக்கு இடம் பண்ணியிருக்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆலிம்சா, நீங்க அதை வாசிக்காம வுட்டிருக்கலாமே" என்றேன்.

"கேள்வி வந்தா பதில் சொல்றதுக்குத்தானே மாமி என்னைக் கூப்பிட்டாங்க. சின்ன வயசுல உஸ்தாதுகிட்ட இப்படிக் கேட்டுக்கேட்டுத்தான் படிச்சோம். நம்ம கிதாபைத் தொறந்தா பாதி, 'அவர் சொன்னது இது, எனக்கு ஒப்பில்லை'ன்னுதானே போகுது. இங்க வந்தப்புறம் என்னவோ, வாயைத் தொறந்தா வெளியில யாரோ கேட்டுருவாங்கன்னு பயப்படுறோம்."

"எழுதுனது யாருன்னு..."

"எனக்குத் தெரியாது" என்று சட்டென்று சொன்னார். "தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன். கேட்டவங்க பேரு அமானிதம், வெளிய விடக்கூடாது."

அவருக்குத் தெரியும். எப்படித் தெரியாமலிருக்கும், போன ரமலானில் ஜகாத்துக் கணக்கு கேட்டு அரபுத்தமிழில் அவருக்குத் துண்டுத்தாள் கொடுத்தவள் யார்? வெட்கமாக இருந்தது. நான் செய்ததற்கு வெட்கமில்லை. நான் ஒளிந்துகொண்டிருப்பதற்குத்தான்.

போதும். நான்தான் எழுதினேன். இரண்டையும் நான்தான் எழுதினேன். படிக்கிறவர் படித்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 25, சனி

காலையில் மேசை மேல் ஒரு கிலோ புளி.

மொகுதூம் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தபடி, "நிச்சயம் பண்ணி ரெண்டு வருஷம் எனக்குக் காயிதம் எழுதுனவ நீ. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? முதல் சீட்டு வந்தப்பவே தெரியும்" என்றார்.

"பின்னே ஏன் எழுத்தை ஒத்துப் பாக்கச் சொன்னிய?"

"ஒனக்குப் பொழுது போகட்டும்னுதான்."

நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இந்த மனிதருக்குள் இத்தனை குறும்பு இருந்தது தெரியாமல் போயிற்று. பிறகு பேப்பரை மடித்தார். வியாழக்கிழமை ஊர் நூலகத்தில் விவாதமாம். தலைப்பு, "இஸ்லாத்தைக் கேள்வி கேட்க முடியுமா?" ஹால்ஃபோர்ட் ஒரு பக்கம், ஸைஃப் ஒரு பக்கம். அந்தச் சீட்டு எழுதிய பெண் வந்தால் முகத்தை மறைத்து, குரலை மாற்றிப் பேசவைக்கிறோம் என்று அறிவித்திருக்கிறார்கள். முன்வரிசையில் தலைவருக்கு இடம்.

"நீ போய் எந்திரிச்சேன்னா, அந்த ஹால்ஃபோர்டு கையில நம்மளையே தூக்கிக் குடுத்த மாதிரி ஆயிரும். எந்திரிக்கலன்னா ஆலிம்சா போயிருவாவோ. நல்லா யோசிச்சுக்கோ" என்றார்.

"நீங்க என்ன சொல்றிய?"

"நான் செயலாளர். தீர்மானம் ஒண்ணும் நான் எடுக்கிறதில்ல, எழுதுறதோட சரி."

அக்டோபர் 28, செவ்வாய்

புளி நல்ல புளி. தூக்கம்தான் இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

அந்தப் பதினொரு பேரோடு நானும் ஷிஃபாவும் பஸ்ஸில் போனோம். ருக்கையா தலைவரோடு காரில் வந்து, இறங்கியதும் எங்கள் வரிசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். முந்நூறு பேர் கூட்டம், கேமரா வேறு.

விவாதம் என்றார்கள். நான் பார்த்தவரை விவாதமே இல்லை. இஸ்லாம் கேள்வியை அனுமதிப்பதில்லை என்று ஹால்ஃபோர்ட் வருத்தப்பட்டார். ஆமாம், அனுமதிப்பதில்லை என்று ஸைஃப் பெருமைப்பட்டான். சம்பந்தி வீட்டார் பேசி வைத்துக்கொண்டதுபோல் இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். நடுவில் உட்கார்ந்து விவாதத்தை நடத்திய அம்மா இருவருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு ஹால்ஃபோர்ட் என் சீட்டைப் பெரிய திரையில் போட்டார். "இந்த நடுங்கும் எழுத்தைப் பாருங்கள்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! நடுங்கும் எழுத்தா? சீட்டைத் தலைகீழாகப் போட்டிருந்தான் பாவி.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஷிஃபா கூடவே எழுந்தாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் சொன்னாள். காரத்தைக் கொஞ்சம் குறைத்தாள் என்று சந்தேகம்.

"அதை நேராப் போடுங்க வாப்பா. எழுதுனது நான். கை நடுங்கல, நீங்கதான் கவுத்திப் போட்டிரிக்கிறிய."

மண்டபமே திரும்பியது. ஹால்ஃபோர்ட் முகம் பூரித்துப்போயிற்று. மைக்கோடு இறங்கி வந்து, "அம்மா, நீங்கள் பயப்படுகிறீர்களா?" என்றார்.

"ஆமா. ஒங்க நூலகத்துப் படியில. கைப்பிடி ஆடுது."

சிரித்தார்கள். நான் விடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் கேள்வி கேக்க முடியாதுன்னு சொல்றிய. நான் கேட்டேன். எங்க ஆலிம்சா பதிலும் சொன்னாவோ, நாப்பது நிமிசம். எங்க வூட்டுக் கணக்கை நாங்க கேக்குறோம், ஒங்களுக்கு அபயக்குரல் எங்கேருந்து கேட்டுச்சு? இருபத்தாறு வருஷமா இந்த ஊர்ல இரிக்கேன். 'ஒங்களை யாராச்சும் அடிக்கிறாங்களா'ன்னு கேட்டிரிக்கிறிய. நான் என்ன நெனைக்கிறேன்னு ஒருத்தராச்சும் கேட்டியளா?" ஸைஃபைப் பார்த்து, "தம்பி, நீயும் கேளு. கேள்வி வெள்ளைக்காரன் புத்தியின்னா ஆயிஷா நாயகி எந்த ஊர்ல படிச்சாவோ?" என்றேன்.

ஹால்ஃபோர்ட், "அப்படியானால் உங்கள் பள்ளித் தலைவர் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வாரா?" என்று கேமராவைத் தலைவர் பக்கம் திருப்பச் சொன்னார்.

எனக்கு வேண்டியதும் அதுதான்.

"ஹாஜியார், இவ்வோ நம்மளைக் கேள்வி தாங்காத கூட்டம்ங்கிறாவோ. பதில் சொன்ன குத்தத்துக்கு ஆலிம்சாவை ஊருக்கு அனுப்பப் போறியன்னு இவ்வோளுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" இதைத் தமிழில் மட்டும் சொன்னேன். ஷிஃபாவின் கையை அழுத்தினேன், அவள் மொழிபெயர்க்கவில்லை. முந்நூறு பேரும் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில், எங்கள் பள்ளியில் கேள்விக்கு எப்போதும் இடமுண்டு, எங்கள் இமாம் எங்கள் பெருமை, அவர் எங்கேயும் போகவில்லை என்றார்.

கைத்தட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. ஹால்ஃபோர்ட் மட்டும் கைதட்டவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

தலைவர் கையெழுத்துப் போடவில்லை. "பாக்கலாம், அவசரம் என்ன" என்றாராம். கடைசி நாள் இன்று, விசாவுக்குத் தாள் திங்களன்று போய்ச் சேர்ந்தாலும் போதுமாம். ஸப்ராவுக்குப் போன் போட்டேன், பின்னால் குழந்தை அழுவது கேட்டது. நான் ஏமாந்துவிட்டேன். கேமராவுக்குச் சொன்ன வார்த்தை கேமராவோடு போய்விட்டது.

நவம்பர் 1, சனி

வகுப்பு நடந்தது. ஊர் முழுக்கப் பெயர் கெட்டுவிடக்கூடாதே என்று தலைவர் மேலே ஒரு மைக் அனுப்பியிருந்தார். டப்பா இனிமேல் இல்லையாம். ஆலிம்சா கடைசி வகுப்புப் போல வெள்ளை ஜிப்பா போட்டு வந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மைக்கை வாங்கினேன். சீட்டில் அத்தனை வாயடித்தவளுக்கு, முந்நூறு வெள்ளைக்காரர் முன்னால் பேசியவளுக்கு, சொந்தப் பள்ளியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. என்னவென்று கேட்பது? கேட்டால் மறுபடியும் பாக்கலாம் என்பார்.

பக்கத்திலிருந்து ஒரு கை மைக்கை எடுத்துக்கொண்டது. ருக்கையா.

"அஸ்ஸலாமு அலைக்கும். கேள்வி தலைவருக்கு" என்றாள். குரல் சின்னக் குரல், ஆனால் ஆடவில்லை. "வியாழக்கிழமை அவ்வளவு பேருக்கு முன்னால, ஆலிம்சா எங்கயும் போகலன்னு சொன்னிய. அந்த ஒப்பந்தத் தாள் இன்னைக்குக் காலையில வரைக்கும் நம்ம வூட்டுச் சாப்பாட்டு மேசையிலதான் கெடந்துச்சு. அன்னைக்குச் சொன்னது அவங்களுக்கா, நமக்கா?"

தலைவர் மேலே பார்த்தார், திரையைத்தான் பார்க்க முடிந்தது.

"தாள் இங்க இல்லியே..." என்றார் கடைசியில்.

"நான் கொண்டாந்திரிக்கேன்" என்றாள் ருக்கையா.

மைக்கை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். மேலிருந்து உள்ளே இறங்க வழியில்லை. குப்பைத்தொட்டிப் பக்கமாக வெளியே போய், மழையில் கட்டிடத்தைச் சுற்றி, முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அதுவரை அத்தனை ஆண்களும் காத்திருந்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. நான் திரையை ஒதுக்கிவிட்டேன், என்னை ஒருவரும் தடுக்கவில்லை.

முன்வாசல் திறந்தது. நனைந்த புர்காவோடு ருக்கையா வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். ஆண்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். தலைவர் முன்னால் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து தாளை எடுத்து, கசங்கிய ஓரத்தை நீவி, பேனாவையும் பக்கத்தில் வைத்தாள்.

அவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நமக்குத்தான்" என்று மெதுவாகச் சொன்னார், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடப் போனார்.

"தேதியையும் போடுங்க" என்றாள் ருக்கையா.